வாய்க்காலுக்கு மேற்கே – 12: இரண்டு நகரங்களுக்கும் வெளியே

புதுச்சேரியின் பழைய வரைபடத்தைப் புரிந்துகொள்ளப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடற்கரை வரை வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். இரண்டையும் சேர்த்து முட்டை வடிவில் வளைத்துப் போகிறது புல்வார். மேற்குப் புல்வார் இன்று அண்ணா சாலை, வடக்குப் புல்வார் சர்தார் பட்டேல் சாலை, தெற்குப் புல்வார் சுப்பையா சாலை. கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தால் தெருப் பெயர்களே சாதிக் கணக்கெடுப்பு மாதிரி இருக்கும்: வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு.

தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கியவர்களுக்கு அந்த முட்டைக்குள் தெரு கிடையாது. அவர்களுடைய சேரிகள் புல்வாருக்கு வெளியே, தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டிக் கிடந்தன. வெள்ளைக்காரன் நிறத்தைப் பார்த்து ஒரு கோடு போட்டான். அந்தக் கோட்டுக்கு மேற்கே தள்ளப்பட்டவர்கள் பிறப்பைப் பார்த்து இன்னொரு கோடு போட்டுக்கொண்டார்கள். கறுப்பர் நகரத்தில் இடம் பிடிப்பதே ஒரு தகுதியாக இருந்த ஊர் இது.

இந்த வாரக் கதை அந்த இரண்டாவது கோட்டுக்கு வெளியே வளர்ந்த ஒரு பையனுடையது. வீட்டில் வைத்த பெயர் விஜயரங்கம். தமிழ் வாசகர்களுக்கு அவர் தமிழ்ஒளி.

1924 செப்டம்பர் 21 அன்று பிறந்தார். தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் அவரைப் புதுவையில் பிறந்தவர் என்கிறது. வாழ்க்கைக் குறிப்புகள் காட்டும் ஊர் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி அருகே உள்ள ஆடூர். தந்தை சின்னையா, தாய் செங்கேணி அம்மாள். குடும்பம் புதுச்சேரிக்கு வந்து சாமிப்பிள்ளைத் தோட்டத்தில் குடியேறியது. அதாவது பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து பிரெஞ்சு இந்தியாவில் வளர்ந்த பிள்ளை. இரண்டு அரசுகளின் எல்லையைத் தாண்டிய குடும்பத்தோடு சேர்ந்து சாதியும் தாண்டி வந்தது. அதற்கு மட்டும் எந்தச் சாவடியிலும் சுங்கம் இல்லை.

செப்டம்பர் 21 என்ற தேதிக்குப் புதுச்சேரியில் வேறொரு கணக்கும் உண்டு. 1881-இல் இதே தேதியில்தான் பிரெஞ்சு அரசு அந்தப் பிரபலமான ஆணையை வெளியிட்டது. இந்தியர் ஒருவர் தம் பரம்பரை வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டால் அவர் பிரெஞ்சுக்காரருக்குச் சமம். ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873-இல் வெளியேற்றப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பாரிஸ் வரை வழக்காடி வென்ற கதையை இத்தொடரில் முன்பே பார்த்தோம். அவர் லாப்போர்த் என்ற பிரெஞ்சுப் பெயரையும் சூடிக்கொண்டார். ஏட்டில் அழகான வழி. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு அரசாங்க அலுவலகத்தில் நிமிர்ந்து நின்றவர், மாலையில் தம் தெருவுக்குத்தானே திரும்ப வேண்டும்? தெருவுக்குப் பாரிஸ் ஆணை செல்லாது. தேவாலயத்துக்குள்ளோ சாதிக் கோடு அந்த ஆணைக்கு வெகு முன்பே விழுந்துவிட்டது. 1745-ஆம் ஆண்டு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டுங்கள். சம்பா கோவில் தேவாலயத்தில் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவரும், அதை இடித்ததால் எழுந்த சச்சரவும் அதில் இருக்கின்றன. சுவர் போனதும் நாற்காலிகளை அடுக்கித் தடுப்பு போட்டார்களாம்!

விஜயரங்கம் முத்தியால்பேட்டை நடுநிலைப் பள்ளியில் படித்தார். முத்தியால்பேட்டை நெசவாளர் பகுதி. கொஞ்சம் தள்ளிக் கருவடிக்குப்பம். அங்கே சித்தானந்த சாமி கோயில். அதை ஒட்டித்தான் பாரதி பொழுது கழித்த குயில் தோப்பு. 1908-இல் பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி வந்த பாரதி 1918 வரை இந்த ஊரில் இருந்தார். விஜயரங்கம் பிறக்கும்போது பாரதி இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் பாரதியோடு பேசிப் பழகியவர்கள் முத்தியால்பேட்டையிலும் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியிலும் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கனகலிங்கத்துக்கு பாரதி 1913-இல் பூணூல் போட்டது ஊரறிந்த செய்தி. பூணூலால் என்ன மாறிவிடும் என்று இன்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சேரிப் பையனுக்குக் கவிதை என்பது எட்டாத ஆட்களின் தொழிலாகத் தோன்றாமலிருக்க, இப்படியொரு கதை காற்றில் மிதப்பதும் உதவும்.

அடுத்து கல்வே கல்லூரி. மிசியோன் வீதியில் தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் இருக்க முடியாது. கலவைச் சுப்பராய செட்டியார் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளி, பிறகு அரசின் கைக்குப் போனது. 'கல்லூரி' என்றது பிரெஞ்சு வழக்கம். உண்மையில் உயர்நிலைப் பள்ளி. பாரதிதாசன் தமிழ் படித்ததும் அங்கேதான். சாமிப்பிள்ளைத் தோட்டத்திலிருந்து கல்வேக்குப் போவதென்றால் வடக்குப் புல்வாரைக் கடந்து கறுப்பர் நகரத்துக்குள் வர வேண்டும். வரைபடத்தில் அது ஒரு விரற்கடை. விஜயரங்கத்தின் முந்தைய தலைமுறையில் எத்தனை பேர் புத்தகத்தோடு அந்த விரற்கடையைக் கடந்திருப்பார்கள் என்று யோசித்தால் அதன் உண்மையான தூரம் புரியும்.

போன இதழில் 1936 ஜூலை 30-ஐப் பார்த்தோம். சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதல் முறை என்று புதுச்சேரித் தொழிலாளர் இன்றும் பெருமைப்படுவது அதைத்தான். சட்டத்தை வாங்கித் தந்த போராட்டத்தின் முகம் வ. சுப்பையா. 1934-இலேயே 'சுதந்திரம்' என்ற இதழைத் தொடங்கியிருந்தார். அதே 1934 பிப்ரவரியில் காந்தி தம் ஹரிஜன யாத்திரையில் புதுச்சேரிக்கும் வந்து போனார். துப்பாக்கிச் சூடு நடந்தபோது விஜயரங்கத்துக்குப் பன்னிரண்டு வயது முடியவில்லை. அவர் அன்று எங்கே இருந்தார், என்ன பார்த்தார் என்று கற்பனை செய்து ஒரு காட்சி எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து ஆலைச் சங்கின் ஓசைக்கு உறங்கிய ஊரில் அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் தொழிலாளியைப் பாடியபோது அந்தத் தொழிலாளி அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்தவன் அல்ல.

கல்வேயில் படிக்கும் காலத்தில்தான் பாரதிதாசனின் தொடர்பு கிடைத்தது.

அப்போது பாரதிதாசன் பிரெஞ்சு அரசின் சம்பளம் வாங்கும் தமிழாசிரியர். 1909-இல் வேலையில் சேர்ந்தவர். 1946 வரை அந்த வேலையில் இருந்தார். அரசாங்கச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே பகுத்தறிவையும் சுயமரியாதையையும் பாடிய மனிதர். 1938-இல் முதல் தொகுதி வெளிவந்தது. பெருமாள் கோயில் வீதியில் இப்போது நினைவகமாக இருக்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது எந்நேரமும் ஆள் வந்து போகும் வீடாக இருந்திருக்க வேண்டும். பாட்டு எழுதும் இளைஞர்களைக் கூட்டிவைத்துக்கொள்வதில் பாரதிதாசனுக்கு அலுப்பே வந்ததில்லை. முடியரசன், வாணிதாசன், சுரதா என்று பின்னால் ஒரு பரம்பரையே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டது. தமிழ்ஒளி அந்த வரிசையில்தான் வருகிறார். ஆனால் பட்டியல் போடுகிறவர்கள் பல முறை அவரை விட்டுவிடுகிறார்கள்.

ஆசிரியர் மாணவருக்குச் செய்த பெரிய உதவி பாராட்டு அல்ல, ஒரு பரிந்துரை. தஞ்சையை ஒட்டிய கரந்தையில் 1911-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம், 1938-இல் புலவர் கல்லூரியையும் தொடங்கியிருந்தது. பாரதிதாசன் சொல்லி அங்கே சேர்ந்தார் விஜயரங்கம். இதன் பெறுமதியை இன்று அளப்பது கடினம். தொல்காப்பியமும் சிலம்பும் நன்னூலும் தலைமுறை தலைமுறையாக யார் வீட்டுத் திண்ணைகளில் பாடமானவை என்பதை யோசியுங்கள். அந்தத் திண்ணையில் ஏற விடப்படாத குடும்பத்துப் பிள்ளை, வகுப்பில் உட்கார்ந்து அதே யாப்பைக் கற்றுக்கொண்டார். தமிழ்ஒளியின் செய்யுள்களில் ஓசை எங்கும் தட்டாது. ஆசிரியப்பாவும் விருத்தமும் சந்தமும் அவர் சொன்னபடி கேட்கும். ஒடுக்கப்பட்டவரின் கவிதை கரடுமுரடாக இருந்தால்தான் உண்மை என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். இலக்கணத்தை உடைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். உனக்கு இல்லை என்று மறுக்கப்பட்ட இலக்கணத்தைக் கைவசப்படுத்துவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம்.

அது திராவிட இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 1944 ஆகஸ்ட் 27 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது. சாதியை நேருக்கு நேர் தாக்கிய அந்த மேடை, கரந்தையில் படித்துக்கொண்டிருந்த இளைஞரை இழுத்ததில் வியப்பில்லை. இயக்க இதழ்களில் எழுதத் தொடங்கினார். விஜயரங்கம் தமிழ்ஒளி ஆனார். குரு பாரதிக்குத் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர். மாணவர் யாருக்கும் தாசனாகவில்லை.

1945-இல் முதல் காவியம் 'நிலைபெற்ற சிலை' வந்தது. இருபத்தோரு வயது.

இங்கே கொஞ்சம் உலகத்தைச் சுற்றி வரலாம், காரணத்தோடுதான். அதே 1945-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. பெயர் குவெண்டலின் புரூக்ஸ், வயது 28. சிகாகோவின் தெற்குப் பகுதியில் பிரான்ஸ்வில் என்ற கறுப்பினக் குடியிருப்பு. வெள்ளையர் தெருக்களில் கறுப்பருக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம். ஒரே அறையைத் தடுத்துத் தடுத்து ஒண்டுக்குடித்தனம் நடத்திய அந்த மக்களின் தெருவையே தம் தொகுதிக்குத் தலைப்பாக வைத்தார் புரூக்ஸ். பதின்மூன்று வயதில் அவர் கவிதை அச்சேறிவிட்டது. பதினாறு வயதில் லாங்ஸ்டன் ஹியூஸைச் சந்தித்துக் கவிதைகளைக் காட்டினார். ஹார்லெம் மறுமலர்ச்சியின் பெருங்கவிஞரான ஹியூஸ் படித்துவிட்டு, விடாமல் எழுது என்றார். புரூக்ஸும் மரபு யாப்பில் கெட்டிக்காரர். வெள்ளையரின் சானெட் வடிவத்தை எடுத்து அதில் கறுப்பினத் தெருவைக் குடியேற்றினார்.

சாமிப்பிள்ளைத் தோட்டத்துக்கும் பிரான்ஸ்வில்லுக்கும் எந்தத் தபாலும் போய் வந்ததில்லை. ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருந்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் வளர்ந்த வழியைப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட குடியிருப்பு, ஒரு பள்ளிக்கூடம், 'நீ எழுது' என்று சொன்ன மூத்த கவிஞர், கடன் வாங்கிக் கைப்பழக்கமாக்கிக்கொண்ட மரபு, பிறகு அந்த மரபுக்குள் தம் மக்களைக் கொண்டுவந்து உட்காரவைத்த பிடிவாதம். இருவர் கதையும் இவ்வளவு தூரம் ஒன்றாக வந்துவிட்டு இங்கே பிரிகிறது. 1950-இல் புரூக்ஸுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினர் அவர். 2000-ஆம் ஆண்டில் இறக்கும்வரை எழுதினார், கற்பித்தார், கொண்டாடப்பட்டார். தமிழ்ஒளிக்கு 1950-இல் நிலையான வேலைகூட இல்லை.

அதற்கு முன் 'வீராயி'.

1947-இல் வந்த அந்தக் காவியத்தில்தான் தமிழ்ஒளி தாமாகிறார் என்பேன். தமிழ்க் காவியங்களின் நாயகிகளை எண்ணிப் பாருங்கள்: வணிகர் குலத்துப் பெண்கள், அரசிகள், தேவமகளிர். அந்த இடத்தில் ஒரு சேரிப் பெண்ணை நிறுத்தினார் தமிழ்ஒளி. பிழைப்புக்காகக் கடல் கடந்து கூலிகளாகப் போகிறவர்களின் பாடு, அங்கே முளைக்கும் சாதி கடந்த காதல், அந்தக் காதலுக்குச் சாதி விதிக்கும் கொலைத் தண்டனை. இன்று செய்தித்தாளில் 'ஆணவக் கொலை' என்று போடுகிறோமே, அதைக் காவியப் பொருளாக்கியவருக்கு அப்போது இருபத்து மூன்று வயதுகூட நிறைந்ததா என்பது ஐயம்தான். நாடு விடுதலையைக் கொண்டாடிய ஆண்டு அது. அவர் வளர்ந்த ஊருக்கு அந்த விடுதலையும் வரவில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரியில் பறந்தது மூவண்ணம்தான், ஆனால் பிரான்சின் மூவண்ணம்.

கடல் கடந்த கூலி என்பது புதுச்சேரிக்காரருக்கு வெறும் காவியக் கற்பனை இல்லை. 1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையான ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டத்தை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றினார்கள். 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த ஒரு தீவுக்கு மட்டும் சுமார் 25,000 பேர். அவர்களில் பெரும்பகுதி தமிழர். அவர்கள் நிறைய குடியேறிய ஊர்களில் ஒன்று பாஸ்-புவேந்த். மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் அங்கே கோயில் எழும்பியது.

அதே பாஸ்-புவேந்தில் 1913-இல் பிறந்தவர்தான் எமே செசேர். கறுப்பு என்று இழித்தவர்களிடமே கறுப்பைப் பெருமையாகத் திருப்பிக் கொடுத்த 'நெக்ரித்யூத்' இயக்கத்தின் கவிஞர். 1945-இல் மார்த்தினிக்கின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனார். பிரெஞ்சு இந்தியாவுக்கும் அந்த மன்றத்தில் இடம் உண்டு. 1946-இல் நம்மூரிலிருந்து தேர்வானவர் லம்பேர் சரவான். கறுப்பினக் கவிஞரும் புதுச்சேரிப் பிரதிநிதியும் பாரிஸில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில், புதுச்சேரிச் சேரியிலிருந்து போன கவிஞர் சென்னையில் கூலிகளின் காவியத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தார். இந்த மூன்று கண்ணிகளையும் யாராவது ஒருவர் அப்போதே கோத்துப் பார்த்திருந்தால் புதுச்சேரியின் இலக்கிய வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். கோக்கத்தான் ஆள் இல்லை. பிரெஞ்சு படித்தவர்கள் பிரெஞ்சுச் செவ்வியலைப் படித்தார்கள். தமிழ் படித்தவர்களுக்குப் பிரெஞ்சு வழியாக வந்த கறுப்புக் குரல் எட்டவே இல்லை.

1947 முதல் தமிழ்ஒளியின் திசை மாறுகிறது. திராவிட இயக்கத்திலிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தார். கவிஞர் குயிலனோடு சேர்ந்து 'முன்னணி' என்ற இதழ் நடத்தினார். 1948-க்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் மீது அடக்குமுறை இறங்கியது. இயக்கத்தோடு தொடர்புள்ள இதழ் என்றால் அச்சகம் கிடைப்பதே பெரும்பாடு. அந்த நெருக்கடியிலும் மே தினத்தை வரவேற்று எழுதினார். தமிழில் மே தினத்துக்கு முதல் கவிதை அவருடையது என்று சொல்பவர்கள் உண்டு. 1923-லேயே சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிவிட்டார் என்பதால் இந்த 'முதல்' என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் நிலைத்து நின்ற மே தினக் கவிதை எது என்று கேட்டால் தமிழ்ஒளியின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். 1952-இல் 'மே தின ரோஜா' நூலாகவே வந்தது.

மே தினம் பிறந்த ஊர் எது? சிகாகோ. 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 4 அன்று ஹே மார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். குவெண்டலின் புரூக்ஸின் நகரத்துக்கும் சவானா ஆலையின் நகரத்துக்கும் இப்படி ஒரு பொதுக் கணக்கு உண்டு: எட்டு மணி நேரம் கேட்டதற்குச் சிந்திய ரத்தம்.

ஐம்பதுகளில் தமிழ்ஒளியின் வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அந்த வறுமையை விரித்துச் சொல்வதில் அவருக்கு என்ன பெருமை. எழுத்தை நம்பிய பிழைப்பு. நிரந்தர வருமானம் கிடையாது. இயக்கத்தின் நட்பும் மனத்தாங்கலும் மாறி மாறி. கவிதையோடு கதையும் கட்டுரையும் நாடகமும் எழுதினார். 1956 அக்டோபரில் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். 'புத்தர் பிறந்தார்' என்ற காவியத்தில் தமிழ்ஒளி கை வைத்தது அதையொட்டிய ஆண்டுகளில்தான்; அது முடியவே இல்லை. 1961-இல் 'விதியோ வீணையோ'. இவற்றுக்கிடையே சிலப்பதிகாரத்தின் மாதவியைக் காவியத் தலைவியாக்கி எழுதிய ஒரு நூல் கையெழுத்துப் பிரதியாகவே தங்கியது. கண்ணகிக்குக் கோட்டம் எழுப்பியவர்கள் பலர். மாதவிக்கு யாரும் எழுப்பவில்லை. குலத்தொழில் என்று ஒன்றைத் தலையில் கட்டி, அதைச் செய்ததற்காகவே இகழப்பட்ட பெண் அவள். வீராயியை எழுதிய கை மாதவியிடம் போனது ஏன் என்பதற்கு விளக்கம் வேண்டுமா என்ன?

1965 மார்ச் மாதம் நோயில் இறந்தார். வயது நாற்பது. குரு பாரதிதாசன் போய் ஓராண்டு முடியவில்லை.

'கோசலக் குமரி'யும் 'கண்ணப்பன் கிளிக'ளும் மறு ஆண்டு, 1966-இல், வெளிவந்தன. மிச்சம் இருந்த கையெழுத்துப் பிரதிகளைச் சிதறாமல் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றாக அச்சேற்றிய நண்பர் செ.து. சஞ்சீவி. நாம் இன்று தமிழ்ஒளியைப் படிக்க முடிகிறது என்றால் அதில் பெரும்பங்கு இந்த ஒரு மனிதரின் உழைப்பு. 'மாதவி காவியம்' நூலானது 1995-இல், எழுதியவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து.

அந்த 1995-க்குள் தமிழில் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது: தலித் இலக்கியம் எழுந்துவிட்டது. முதல் அசைவு மும்பையில். 1972-இல் மராத்திக் கவிஞர் நாம்தேவ் தசால், தாம் வாழ்ந்த காமாட்டிபுரா பக்கத்து இருட்டையெல்லாம் கொட்டி 'கோல்பிதா'வை எழுதினார். அதே ஆண்டு நண்பர்களோடு தலித் பேந்தர் அமைப்பைத் தொடங்கினார். பெயர் அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி அந்த அலை தமிழுக்கும் வந்தது. 1992-இல் பாமாவின் 'கருக்கு'. 1993-இல் ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு'. ராஜ் கௌதமன் புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ரவிக்குமார் உள்ளிட்டோர் நடத்திய 'நிறப்பிரிகை' இதழின் தலித் விவாதங்கள் இந்த ஊர் டீக்கடைகளிலும் சூடாக நடந்தன.

அந்த விவாதங்களில் மராத்தி வந்தது, கறுப்பின இலக்கியம் வந்தது. வீராயி வந்ததா? மிகத் தாமதமாகத்தான். தமிழ்ஒளியைப் பொதுவுடைமைக் கவிஞர் என்ற அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பிறகு தலித் வாசகர்கள் அவரை எடுத்துத் தங்கள் அலமாரிக்கு மாற்றினார்கள். பாரதிதாசன் பரம்பரைக்காரர்களுக்கும் ஓர் உரிமை உண்டு. எந்த அலமாரி சரி என்ற சண்டையில் புத்தகத்தைத் திறந்து பார்க்க நேரமில்லாமல் போனது. வர்க்கமும் சாதியும் வேறு வேறு பாடங்கள் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாக அவர் எழுத்தில் எங்கும் தெரியவில்லை. வீராயியின் ஆட்கள் கூலிகளாகக் கப்பலேறுவதும் சேரியில் பிறந்ததும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் என்று 1947-லேயே அவர் எழுதிவிட்டார்.

அரசாங்கம் விழித்தது நூற்றாண்டில். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைப்பதாகவும், அவர் பெயரில் 50 லட்சம் ரூபாய் வைப்புநிதி ஏற்படுத்துவதாகவும் அறிவித்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவருடைய 'பட்ட மரம்' கவிதையைப் படிக்கிறார்கள். மொட்டையாய் நிற்கும் மரத்துக்காக வருந்தும் பாட்டு. நல்ல பாட்டுதான். ஆனால் பாடநூலில் வீராயி ஒரு நூற்பெயராக மட்டும் வந்துபோகிறாள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பட்ட மரம் புரியும், வீராயி புரியாது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. 'வீராயி'யை எழுதியபோது அவருக்கு அந்தப் பிள்ளைகளைவிட எட்டு வயதுதான் கூடுதல்.

தமிழ்ஒளி சென்னையில் எழுதிக்கொண்டிருந்த அந்த ஐம்பதுகளில்தான் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆட்சியும் முடிவுக்கு வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். அந்த 178 பேர் யார், யாருடைய சார்பாகப் போட்டார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.